கணவாயைக் கடக்காத குருவி: வான்தீவு என்றால் என்ன?

சென்ற கோடையில் கொடைக்கானலுக்குப் போய்த் திரும்பிய என் பெரியப்பா, கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி ஒரு குறையைச் சொன்னார். "சோலைக்கிளி இருக்குன்னு போர்டு வச்சிருக்காங்கப்பா. மூணு நாள் சுத்தினோம், ஒரு பச்சைக்கிளியைக்கூடக் கண்ணால பாக்கல." அவர் மரத்தின் உச்சியில் பச்சைக்கிளியைத் தேடியிருக்கிறார். பலகை குறிப்பிட்டதோ முக்கால் சாண் நீளமே உள்ள, நீல நிறமான, தரையை ஒட்டியே வாழும் ஒரு பாடும் பறவையை.

இந்தப் பறவையைப் பற்றிய குழப்பம் பெரியப்பாவோடு நிற்பதில்லை. 2017இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியிலிருந்து இதன் உறவுப் பறவை ஒன்று "புதிய சிற்றினம்" என்று அறிவிக்கப்பட்டபோது, அதுவரை எவர் கண்ணிலும் படாமல் ஒளிந்திருந்த பறவை பிடிபட்டுவிட்டது என்று பலரும் பேசிக்கொண்டார்கள். பறக்கத் தெரிந்த பறவை ஒரு மலைக்குள் மட்டும் எப்படி அடைபட்டுக் கிடக்கும் என்று கேட்டவர்களும் உண்டு. வான்தீவு என்ற ஒரு கருத்து தெளிந்துவிட்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும். அந்தக் கருத்தைப் பற்றியதே இந்தக் கட்டுரை. மலைநாட்டைச் சேர்ந்த செய்திதான் என்றாலும், அதை விளங்கவைக்கும் உவமைகள் பெரும்பாலும் நம் டெல்டாவிலேயே கிடைக்கின்றன.

பெயரில் ஒட்டிக்கொண்ட கிளி

மலையாளத்தில் 'கிளி' என்றால் பொதுவாகப் பறவை. சோலையில் வாழும் பறவை சோலைக்கிளி. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. தமிழில் கிளி என்றால் பச்சைக்கிளி ஒன்றுதான் நினைவுக்கு வரும். பச்சைக்கிளிக்கு மலையாளிகள் வைத்திருக்கும் பெயர் 'தத்த'. நம் பழம்பாடல்களில் வரும் 'தத்தை' அது. ஒரே வேரிலிருந்து வந்த பேச்சு, மலைக்கு இருபுறமும் பிரிந்து நின்று பல நூற்றாண்டுகள் கழிந்ததில், ஒரே சொல்லுக்கு இங்கே ஒரு பொருளும் அங்கே ஒரு பொருளுமாகத் தங்கிவிட்டது. பறவையின் கதையும் ஏறக்குறைய இதே போக்கில் போவதால், வாசகர் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருக்கலாம்.

சோலைக்கிளியின் நீளம் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர். முதுகும் மார்பும் கருநீலம். கண்ணுக்கு மேலே புருவம்போல வெளிர்கோடு. உடலுக்குச் சற்றுப் பொருந்தாத நீண்ட கால்கள். குட்டையான, வட்டமான சிறகுகள். உதிர்ந்த இலைகளின் மேல் தத்தித் தத்திப் போய்ப் பூச்சிகளைப் பொறுக்குவதே அதன் பகல் வேலை. மரப்பொந்திலோ மண்சரிவின் குழியிலோ கூடு வைத்து, பெரும்பாலும் ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டைகள் இடும். நம் கொல்லைப்புறத்து முருங்கையில் விடியலில் சீட்டியடிக்கும் கறுப்பு வெள்ளைக் குண்டுகரிச்சானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஈப்பிடிப்பான் குடும்பம் என்று அதற்குப் பெயர்.

மலையில் சோலை என்பது எது

மாஞ்சோலை, பூஞ்சோலை என்று நாம் எந்தத் தோப்பையும் சோலை என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் அச்சொல் ஒரு குறிப்பிட்ட காட்டு வகையின் பெயராக, ஆங்கில நூல்களிலும் அப்படியே வழங்குகிறது. ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் நீர் தங்கும் இடங்களில் நெருங்கி வளரும், உயரம் குறைந்த பசுமைமாறாக் காடு அது. மரங்களின் கிளையெல்லாம் பாசி படர்ந்திருக்கும். சோலைக்கும் சோலைக்கும் இடையே மேட்டுச் சரிவுகளில் புல்வெளி. யாரோ மரங்களை வெட்டியதால் உண்டான வெற்றிடம் என்று சுற்றுலா செல்பவர்கள் பலர் அந்தப் புல்வெளியை நினைக்கிறார்கள். உண்மையில் அது சோலையைப் போலவே தொன்மையான இயற்கை நிலம். உறைபனி விழும் அந்தத் திறந்த சரிவுகளில் சோலை மரங்களின் கன்றுகள் எளிதில் பிழைப்பதில்லை.

இத்தகைய காட்டை மேகக்காடு என்றும் அழைப்பார்கள். மழையாகப் பெய்யும் நீரோடு, மேகம் காட்டுக்குள் நுழைந்து இலையிலும் பாசியிலும் படிந்து சொட்டும் நீரையும் பெறும் காடு என்பது அதன் பொருள். மார்கழி விடியலில் வாசல் தெளிக்கப் போனால், மழை பெய்யாமலே கீற்றுக்கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டி, நேற்று போட்ட கோலத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருப்பதைப் பார்த்திருப்போம். அதே வேலை, ஆண்டின் பெரும்பகுதியில், ஒரு முழுக் காட்டின் அளவில் நடப்பதாக நினைத்துக்கொண்டால் போதும்.

இதனுடன் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே கத்திரி வெயிலில் தஞ்சாவூர் தகித்துக்கொண்டிருக்கும் அதே நண்பகலில், அங்கே பதினான்கு டிகிரி அளவுக்குக் குறைவாக இருப்பது எளிய கணக்குதான்.

இதுவரை பார்த்தவற்றில் மனத்தில் நிறுத்த வேண்டியவை இரண்டு: சோலைக்கிளி குளிர்ந்த, ஈரமான, இருண்ட காட்டுத் தரையின் பறவை, அப்படிப்பட்ட காட்டுத் தரை மலையுச்சிகளில் மட்டுமே இருக்கிறது.

வெள்ளத்தில் நிற்கும் திட்டு

கொள்ளிடத்தில் தண்ணீர் கரைபுரளும் ஆண்டுகளில், ஆற்றுக்குள் இருக்கும் படுகைக் கிராமங்களில் மேட்டு நிலம் மட்டும் வெளியே தெரியும். அதைத்தான் திட்டு என்கிறோம். வயல்வெளியிலும் இதே காட்சி சிறு அளவில் உண்டு. ஐப்பசி அடைமழையில் வயல்கள் மூழ்கும்போது, வயலுக்கு நடுவே இருக்கும் திடலில் எலியும் ஓணானும் தஞ்சம் புகும். அடுத்த திடல் கண்ணுக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கும். ஆனால் அங்கே போக ஓணானுக்கு வழியில்லை. அதே தண்ணீர் விரால் மீனுக்குத் திறந்துவிட்ட வாய்க்கால். ஒரு நிலம் திட்டாவது, அதைச் சுற்றி நிற்பது அங்கே வாழும் உயிருக்கு ஆகாததாக இருக்கும்போதுதான்.

இப்போது தண்ணீரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெப்பத்தை ஊற்றிப் பாருங்கள். நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, பொதிகை ஆகியவற்றின் உச்சிகள் திட்டுகள். அவற்றுக்கு இடையே கிடக்கும் சூடான, வறண்ட சமவெளிதான் வெள்ளம். குளிர்ந்த மலையுச்சிகள் இப்படிச் சமவெளியின் வெப்பத்தால் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்டு நிற்பதையே வான்தீவு என்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாப் பகுதி மலைகளை வைத்துப் பிறந்த சொல் அது. நம் மலைகளுக்கும் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது.

சிறகு இருந்தும் ஏன்?

இந்த இடத்தில் எழும் கேள்வி நியாயமானது. ஓணானுக்குச் சிறகில்லை, பறவைக்கு இருக்கிறதே?

கோடியக்கரைப் பக்கத்துக்காரர்களுக்கு ஆறுமணிக்குருவியைத் தெரிந்திருக்கும். இமயமலை அடிவாரம் வரை பரவிக் கிடக்கும் வடபகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில் தெற்கே வரும் பறவை அது. இரவெல்லாம் பறந்த களைப்பில் சில சமயம் வீட்டுக்குள் புகுந்து, பீரோவுக்கு அடியில் மலங்க மலங்க விழித்துக்கொண்டு நிற்கும். அதுவும் சிறிய பறவைதான். அதுவும் தரையில் இலைகளைக் கிளறிப் பிழைப்பதுதான். அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைக் கடக்க, சோலைக்கிளி இரு மலைகளுக்கு இடையே கிடக்கும் முப்பது கிலோமீட்டர் கணவாயைக் கடக்காமல் இருப்பது விந்தையாகத் தோன்றும்.

பறக்க முடிவது வேறு, போய்ச் சேர்வது வேறு. வலசை போகும் பறவைக்கு நீண்ட பயணத்துக்கான உடலும் பழக்கமும் தலைமுறை தலைமுறையாக அமைந்திருக்கின்றன. சோலைக்கிளியோ ஆண்டு முழுவதும் ஒரே சோலையில் தன் எல்லையைக் காத்துக்கொண்டு வாழ்வது. அதன் குட்டைச் சிறகு புதருக்குப் புதர் தாவ உதவுமே தவிர, வெயிலில் நெடுந்தூரம் பறக்க உதவாது. குஞ்சு வளர்ந்து தனக்கென இடம் தேடும்போதும் நிழல் விட்டு நிழலாகத்தான் நகரும். நிழல் தீர்ந்த இடத்தில் பயணமும் தீர்ந்துவிடும். எப்போதாவது ஒரு பறவை தப்பித் தவறி மறுபுறம் போய்ச் சேரக்கூடும் என்று வாதத்துக்கு ஒப்புக்கொண்டாலும், அங்கே இணை சேர்ந்து வம்சம் பெருக்கினால்தான் அது கணக்கில் சேரும்.

இரண்டு பத்தாயங்களின் கதை

பிரிந்து கிடப்பதால் மட்டும் ஒரு பறவை இரண்டு பறவையாகிவிடுமா? இந்த இடத்தில்தான் பெரும்பாலான பேச்சு வழுக்குகிறது. ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் பாகப்பிரிவினை நடக்கிறது. விதைநெல்லும் பாதிப் பாதி. அந்த விதையில் நூற்றுக்குப் பத்து மணி சிவப்பு நெல், மற்றவை வெள்ளை. ஒவ்வொரு அறுவடையிலும் ஆளுக்கு ஒரு கைப்பிடி நெல்லை, கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, அடுத்த ஆண்டு விதைக்கென வைக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு கைப்பிடியில் சிவப்பு மணி சில சமயம் கூடும், சில சமயம் குறையும். அண்ணன் கையில் ஓர் ஆண்டு சிவப்பே வராமல் போனால், அதன்பின் அவர் பத்தாயத்தில் சிவப்பு நெல் எந்நாளும் இல்லை. தம்பி பத்தாயத்தில் அது பெருகிக்கொண்டே போகலாம். இருவரில் ஒருவரும் எதையும் பொறுக்கி எடுக்கவில்லை. இருந்தும் ஐம்பது ஆண்டுகளில் இரண்டு பத்தாயங்களும் வேறு வேறாகிவிடும். கைப்பிடி எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவில் இது நடக்கும். உயிரினங்களில் நடக்கும் இதைத்தான் மரபணு நகர்வு என்பார்கள். மரபணு என்பது உடலை அமைக்கும் செய்முறைக் குறிப்பு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருவது.

தம்பியின் வயல் கடைமடையில், உப்பு ஏறிய மண்ணில் இருந்தால் இன்னொன்றும் சேரும். உப்பைத் தாங்கும் மணிகள் மட்டுமே அங்கே முளைத்துக் கதிராகும். இது தற்செயலாக நடப்பதில்லை. நிலமே பொறுக்கி எடுக்கிறது. இதற்குப் பெயர் இயற்கைத் தேர்வு.

ஆனால் பொங்கலுக்குப் பொங்கல் அண்ணனும் தம்பியும் ஒரு மூட்டை விதையை மாற்றிக்கொண்டால், மேலே சொன்ன வேறுபாடுகளில் பெரும்பகுதி நிலைக்காது. இந்தக் கொடுக்கல் வாங்கலே மரபணு ஓட்டம். கணவாய் செய்யும் வேலையெல்லாம் இந்த மூட்டை போய்வருவதைத் தடுப்பது மட்டும்தான். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்கிறது.

சுருங்கச் சொன்னால்: சமவெளியின் வெப்பம் கொடுக்கல் வாங்கலை நிறுத்துகிறது, சிறு கூட்டங்களில் தற்செயலும் நிலத்தின் தேர்வும் சேர்ந்து வேறுபாட்டை வளர்க்கின்றன, பல்லாயிரம் தலைமுறை கழிந்தபின், ஒன்றாயிருந்தது தனித்தனிச் சிற்றினங்களாக நிற்கிறது.

இரண்டு ரயில், இரண்டு கணவாய்

டெல்டாவிலிருந்து புறப்படும் இரண்டு ரயில்கள் இந்தக் கதையின் இரண்டு முக்கிய இடங்களுக்கும் போகின்றன என்பது எனக்கு எப்போதும் வியப்பு. காரைக்கால்–எர்ணாகுளம் எக்ஸ்பிரஸ் தஞ்சாவூர், திருச்சி, கோவை வழியாகப் பாலக்காட்டுக் கணவாயைக் கடக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள மிகப் பெரிய இடைவெளி அது. அளக்கும் இடத்தைப் பொறுத்து 24 முதல் 40 கிலோமீட்டர் வரை அகலம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போவது போன்ற தூரம்தான். இரவு ரயிலில் நாம் தூக்கத்திலேயே தாண்டிவிடுகிறோம். இன்னொன்று மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸ். அது போய் நிற்கும் ஊரை ஒட்டியதுதான் செங்கோட்டைக் கணவாய்; முன்னதைவிட மிகவும் குறுகியது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியிலும் அதைச் சார்ந்த மலைகளிலும் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. அதன் வயிற்றின் பக்கங்கள் செம்பழுப்பு. தெற்கே ஆனைமலை, பழனிமலைகளில் இருப்பது வெள்ளை வயிற்றுச் சோலைக்கிளி. செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, பொதிகையை உள்ளடக்கிய அசம்பு மலைகளில் இருப்பது அசம்புச் சோலைக்கிளி. நம் காவிரியைக் கமண்டலத்தில் அடைத்துவைத்த அகத்தியரின் மலைக்கு இப்படித் தனியாக ஒரு நீலக்குருவியும் வாய்த்திருக்கிறது.

இதே மலைகளில் சிலம்பன் என்ற, வேறு குடும்பத்தைச் சேர்ந்த சற்றுப் பெரிய பறவைகளும் உண்டு. அவற்றிலும் நீலகிரி, பாணாசுரம், பழனி, அசம்பு என நான்கு சிற்றினங்கள் மலைக்கொன்றாகப் பிரிந்து நிற்கின்றன. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு குடும்பங்களின் நிலமும் ஒரே வாய்க்காலில் எல்லை பிரிந்திருந்தால், பிரித்தது வாய்க்கால்தான் என்று கர்ணம் எழுதிவிடலாம் அல்லவா? பறவையியலாளர்களின் வாதமும் அத்தகையதே.

சுவடியும் இரத்தத் துளியும்

இனி அந்த 2017ஆம் ஆண்டுச் செய்திக்கு வரலாம். சோலைக்கிளிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏட்டில் ஏறியவை. நீலகிரிப் பறவையை ஜெர்டன் என்ற இயற்கையியலாளர் விவரித்தார்; வெள்ளை வயிற்றுப் பறவையை 1868இல் பிளான்ஃபோர்டு என்ற இன்னோர் இயற்கையியலாளர் விவரித்தார். பின்னர் வந்தவர்கள் இரண்டையும் ஒரே சிற்றினத்தின் இரு துணையினங்கள் என்று சேர்த்துவிட்டார்கள். 2005இல் மீண்டும் பிரித்தார்கள். இதற்கிடையே, கால் நீளமும் சிறகுக் குட்டையும் ஒத்திருப்பதைக் கண்டு, இமயமலைப் பக்கத்துக் குட்டைச்சிறகுப் பறவைகளின் இனத்தோடு இவற்றைச் சேர்த்துவைத்திருந்தார்கள்.

வேலை ஒன்றானால் உடலும் ஒத்துப்போகும் என்பதற்கு நம் ஊர்க் குளமே சாட்சி. முக்குளிப்பானும் நீர்க்காகமும் ஒரே குளத்தில் ஒரேபோல மூழ்கி மீன் பிடிக்கின்றன. உறவோ மிகத் தூரம். தோற்றத்தை நம்பினால் இப்படித்தான் ஏமாற வேண்டும். அப்படியானால் உறவை எப்படித்தான் கண்டறிவது?

உ.வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஆண்டுகளில், ஊர் ஊராகச் சுவடி தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். சுவடியைப் பார்த்து எழுதும்போது பிழை நேரும். அந்தப் பிரதியைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார். எனவே ஒரே இடத்தில் ஒரே பிழையைக் கொண்ட இரண்டு சுவடிகளுக்கு ஒரே மூலச் சுவடி இருந்திருக்கும். மரபணுவும் தலைமுறைதோறும் படியெடுக்கப்படும் ஒரு சுவடிதான்; அதிலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பகிர்ந்துகொண்ட பிழைகளைக் கொண்டு வரையும் உறவுப் படத்துக்குக் குடிவழி மரம் என்று பெயர்.

ராபின் விஜயன், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் செய்தது இந்த வேலையைத்தான். சோலைக்குள் மெல்லிய வலை கட்டி, சிக்கும் பறவையின் சிறகிலும் காலிலும் அளவெடுத்து, ஒரு துளி இரத்தம் எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவார்கள். அந்தத் துளிகளைப் படித்தபோது, சோலைக்கிளிகள் குட்டைச்சிறகுப் பறவைகளின் கூட்டமே அல்ல, ஈப்பிடிப்பான்களுக்கே நெருக்கமானவை என்று தெரியவந்தது. அவற்றுக்கென ஷோலிகோலா என்ற புதிய பேரினம் வகுக்கப்பட்டது. நெருங்கிய சிற்றினங்களைத் தொகுத்து இடும் பெயர்தான் பேரினம். சோலையில் குடியிருப்பது என்பது அந்தச் சொல்லின் பொருள், அதன் முற்பாதி நம் தமிழ்ச் சொல்லே. அசம்பு மலைப் பறவை, பார்வைக்கு வெள்ளை வயிற்றுப் பறவையை ஒத்திருந்தாலும், வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்த தனிச் சிற்றினம் என்பதும் உறுதியானது. 'புதியது' என்பதன் பொருள் இவ்வளவுதான். அந்தப் பறவை எப்போதும் அங்கேயே பாடிக்கொண்டிருந்தது. நம்முடைய சிட்டா அடங்கல்தான் இப்போது திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

மனிதர் வெட்டிய கணவாய்

இயற்கை வெட்டிய கணவாய்கள் பழையவை. கடந்த இருநூறு ஆண்டுகளில் ஒரே மலைக்குள்ளேயே வேறு இடைவெளிகள் உண்டாகிவிட்டன. தேயிலைத் தோட்டம், யூக்கலிப்டஸ், வாட்டில், பைன், நகரம், நீர்த்தேக்கம் எனச் சோலைக்கும் புல்வெளிக்கும் இடையே பலவும் நுழைந்தன. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே பச்சை. சோலைக்கிளிக்கு யூக்கலிப்டஸ் தோப்பின் வறண்ட, வெளிச்சமான தரை, கத்திரி வெயிலில் செருப்பில்லாமல் தார்ச்சாலையைக் கடப்பது போன்றது. உலக அளவிலான செம்பட்டியலில் நீலகிரிச் சோலைக்கிளி அழியும் ஆபத்தில் உள்ளதாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது.

இதன் விளைவு பாட்டிலேயே கேட்கிறது. பாடும் பறவைகள், நாம் பேச்சைக் கற்பதுபோல, மூத்தவற்றைக் கேட்டே பாட்டைக் கற்கின்றன. ஆகவே தொடர்பு அறுந்தால் பாட்டும் வட்டார வழக்காகப் பிரியும். நெல்லைக்காரர் 'வந்தாவ' என்பதும் நாம் 'வந்தாங்க' என்பதும் போல. பழைய கணவாய்களின் இருபுறமும் பாட்டு வேறுபடுவதை எதிர்பார்க்கலாம். அண்மைக் காலத்தில் காடழிந்து துண்டான பகுதிகளிலும் பாட்டு வேறுபடத் தொடங்கியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

டெல்டாக்காரருக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. நீலகிரியில் சொட்டும் நீரில் ஒரு பங்கு பவானியாகக் கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. பழனிமலையின் வடசரிவுகளில் இறங்கும் நீர் சண்முகநதி போன்ற சிற்றாறுகளின் வழியே அமராவதியில் விழுந்து, கரூருக்குப் பக்கத்தில் திருமுக்கூடலூரில் காவிரியாகி, கல்லணைக்கு வருகிறது.

இவ்வளவையும் ஒரு மாலைப்பொழுதில் பெரியப்பாவிடம் சொல்லி முடித்தேன். அடுத்த முறை போகும்போது விடியலில் சோலையின் ஓரத்தில் அசையாமல் நின்று, மரத்தை அண்ணாந்து பார்க்காமல், பாதையோர ஈரத் தரையைப் பார்க்கும்படியும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அது கிளிக்கு ஒண்ணுவிட்ட உறவுகூட இல்ல. நம்ம கொல்லைக் குண்டுகரிச்சானுக்குத்தான் பங்காளி."

பங்காளிதான் பெரியப்பா, பாகம் பிரிந்து பல லட்சம் தலைமுறை ஆகிவிட்டது என்றேன்.